ஃபைட்டர் மீனும் சிறு தொட்டியின் குளிரும்: வாசகர் கேள்வி – பதில்

குளிர்ப் பருவம் தொடங்கியதும் ஃபைட்டர் எனப்படும் பெட்டா மீனை வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கடிதங்கள் ஏறத்தாழ ஒரே பொருளைப் பற்றியவையாக அமைந்துவிடுகின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் சிறு தொட்டியில் அந்த மீனுக்கு வேண்டிய வெப்பத்தைக் காப்பது பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வட்டமான ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் ஓர் ஆண் ஃபைட்டர் மீனை வளர்த்து வருகிறேன். சில வாரங்களாகக் காலையில் பார்க்கும்போது அது அடியில் சாய்ந்து கிடக்கிறது. உணவு போட்டாலும் மேலே வருவதில்லை. நண்பகலுக்குப் பிறகு ஓரளவு நீந்துகிறது. இந்த மீனுக்கு ஹீட்டரும் வேண்டாம், ஃபில்டரும் வேண்டாம் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். இது நோயா, குளிரா?

பதில்: பெரும்பாலும் குளிர்தான். காலையில் சோர்வு, பிற்பகலில் தெளிவு என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒழுங்கே அதற்குச் சான்று. நோயுற்ற மீன் கடிகாரம் பார்த்துத் தேறுவதில்லை. ஆனாலும் ஊகத்தோடு நிற்க வேண்டாம். ஒரு தெர்மோமீட்டரை நீருக்குள் வைத்து, விடியற்காலையிலும் பிற்பகலிலும் இரவு படுக்கப் போகும் முன்பும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் குறிப்பே போதும். விடியற்காலை அளவு 22 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் காரணம் அதுவே. அதோடு மீனின் கழிவிலிருந்து நீரில் சேரும் நச்சான அமோனியாவின் அளவையும் சோதனைத் திரவத்தால் பார்த்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாத ஐந்து லிட்டர் நீரில் அமோனியா விரைவாகச் சேரும். அதன் அறிகுறிகளும் அடியில் படுத்திருத்தல், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளல், உணவை மறுத்தல் ஆகியவையே என்பதால் இரண்டையும் வெறும் பார்வையால் பிரித்தறிவது கடினம்.

இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வரையிலான நீர் ஏற்றது. 26 டிகிரியை இலக்காக வைத்துக்கொண்டால் இரு பக்கமும் சற்று இடம் கிடைக்கும். மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் உயிர் அல்ல. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலை எதுவோ, அதுவே ஏறக்குறைய அதன் உடலின் வெப்பநிலையும் ஆகும். நீர் குளிர்ந்தால் இதயத் துடிப்பு குறைகிறது, செரிமானம் மந்தமாகிறது, தின்றது குடலிலேயே தங்கி வயிறு உப்புகிறது, நோயை எதிர்க்கும் திறனும் தளர்கிறது. குளிர் ஒரே நாளில் மீனைக் கொல்வது அரிது. பல வாரங்கள் மீனை நலிவுறச் செய்துவிட்டு, முடிவில் துடுப்பழுகலோ வெள்ளைப்புள்ளியோ வந்து சேர இடம் கொடுக்கும். மீன் இறந்த பிறகு வளர்த்தவர் அந்தக் கடைசி நோயைத்தான் காரணமாக நினைத்துக்கொள்வார்.

கடையில் சொன்ன சொல்லுக்கும் ஒரு வேர் உண்டு. தாய்லாந்தின் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் ஆழமற்ற, ஓட்டமில்லாத, வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்து வந்த இனம் இது. 1910ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீனைத் தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அத்தகைய நீரில் ஆக்சிஜன் குறைவு. ஆகையால் செவுளோடு கூட, தலைக்குள் அமைந்த லேபிரிந்த் என்னும் உறுப்பின் உதவியால் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் திறன் இந்த மீனுக்கு அமைந்திருக்கிறது. அந்தத் திறனைப் பார்த்தவர்கள், ஒரு குவளை நீரில் எதுவுமே இல்லாமல் இது வாழும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் குறைவைத் தாங்குவது வேறு, குளிரைத் தாங்குவது வேறு. வயலில் தேங்கிய நீரும் இரவில் குளிரத்தான் செய்யும். ஆனால் அங்கே பரந்த நீரும் அதன் அடியிலுள்ள மண்ணும் பகலின் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும், மீனுக்கும் இடம் மாறிக்கொள்ள வழி இருக்கும். உங்கள் கிண்ணத்தில் இந்த இரண்டுமே இல்லை.

கிண்ணத்தின் குறை அதன் அளவிலேயே இருக்கிறது. நீர் தன் வெப்பத்தை வெளிப்பரப்பின் வழியாக இழக்கிறது. தேக்கி வைப்பதோ தன் மொத்தப் பருமனில். ஐந்து லிட்டர் தொட்டியையும் அதே வடிவமுள்ள இருபது லிட்டர் தொட்டியையும் ஒப்பிட்டால், நீர் நான்கு மடங்காகிறது, வெளிப்பரப்போ ஏறத்தாழ இரண்டரை மடங்குதான் ஆகிறது. அதாவது, ஒவ்வொரு லிட்டருக்கும் உரிய வெப்ப இழப்பு சிறிய பாத்திரத்தில் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். ஐந்து லிட்டர் நீர் ஓரிரவுக்குள் அறையின் வெப்பநிலைக்கு மிக அருகில் வந்துவிடும். காலையில் வெயில் ஏறியதும் அதே வேகத்தில் சூடாகும். ஆகவே உங்கள் மீன் குளிரை மட்டும் தாங்கவில்லை, நாள்தோறும் ஓர் ஏற்றத்தையும் ஓர் இறக்கத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. என் கணிப்பில், இந்த ஊசலாட்டம் ஒரே சீராக இருக்கும் 23 டிகிரியை விடத் தீங்கானது. ஒரு நாளுக்குள் ஏற்ற இறக்கம் 2 டிகிரிக்குள் அடங்க வேண்டும்.

எனவே அந்தக் கிண்ணத்துக்கு ஏற்ற ஹீட்டர் எது என்று தேடுவதை விட, 15 முதல் 20 லிட்டர் வரை கொள்ளும், மூடியுள்ள செவ்வகத் தொட்டி ஒன்றுக்கு மாறுவதே நான் சொல்லும் தீர்வு. அதுவும் ஹீட்டர் இல்லாவிட்டால் குளிரத்தான் செய்யும் என்றாலும் மெதுவாகக் குளிரும். ஹீட்டர் வைத்தாலோ, குறித்த வெப்பநிலை வந்ததும் அதைத் தானே அணைத்து, குறைந்ததும் மீண்டும் இயக்கும் தெர்மோஸ்டாட் நிதானமாக வேலை செய்யப் போதிய நீர் இருக்கும். மாற்றும் நாளில் புதிய தொட்டியின் நீரை முதலில் 26 டிகிரிக்குக் கொண்டுவந்து, அது நிலைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, மீனை ஒரு பையில் அதன் பழைய நீரோடு எடுத்துப் புதிய நீரின் மேல் மிதக்கவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக நீரைக் கலந்து விடுங்கள். குளிரில் நலிந்த மீனைத் திடீரென வெப்பத்தில் போடுவது அதற்கு இன்னொரு அதிர்ச்சியாகும்.

கேள்வி: பத்து லிட்டர் தொட்டிக்கு எத்தனை வாட் ஹீட்டர் வாங்குவது? பெரியதாக வாங்கினால் விரைவில் சூடாகும் அல்லவா?

பதில்: விரைவில் சூடாகும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்தச் சுமார் 4,200 ஜூல் வேண்டும். பத்து லிட்டருக்கு 42,000 ஜூல். 25 வாட் ஹீட்டர் நொடிக்கு 25 ஜூல் தருவதால், இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 28 நிமிடங்களில் 1 டிகிரி உயரும். 100 வாட் ஹீட்டர் அதே வேலையை 7 நிமிடங்களில் முடித்துவிடும். தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும் வரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஹீட்டர்கள் பழுதாகும்போது அணைந்து போவது மட்டுமல்ல, உள்ளே இருக்கும் உலோகத் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு அணையாமலேயே எரிவதும் உண்டு. அப்படி ஒட்டிக்கொண்டால், 100 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டர் நீரை எட்டு டிகிரி வரை ஏற்றிவிடும். நீங்கள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 25 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டாலும் உயர்வு மெதுவாகவே நடக்கும். அறை குளிராக இருந்தால் ஓர் அளவில் நின்றும் விடலாம். கவனித்துக் காப்பாற்ற அவகாசம் கிடைக்கும்.

ஆகவே பத்து லிட்டருக்கு 25 வாட் போதும். இருபது லிட்டர் தொட்டிக்கு, மூடி இருந்து, அறைக்கும் நீருக்கும் இடையிலான வேறுபாடு ஐந்தாறு டிகிரிக்கு மேல் போகாவிட்டால் 25 வாட்டே சமாளிக்கும். அறை அதைவிடக் குளிருமானால் 50 வாட் வாங்குங்கள். லிட்டருக்கு ஒரு வாட் என்ற பொது விதி நடுத்தரத் தொட்டிகளுக்கு உரியது. மிகச் சிறிய தொட்டியில் லிட்டருக்கு உரிய இழப்பு அதிகமாக இருப்பதால் அது அப்படியே பொருந்தாது.

வாங்கும்போது வெப்பநிலையை நாமே மாற்றி வைக்கக்கூடிய, தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டராகப் பார்த்து வாங்குங்கள். சிறு தொட்டிகளுக்கென்று விற்கப்படும் தட்டையான குட்டி ஹீட்டர்களில் சிலவற்றுக்குத் தெர்மோஸ்டாட்டே கிடையாது. அவை நீரை 26 டிகிரியில் நிறுத்துவதில்லை. அறையின் வெப்பநிலையை விட மூன்று நான்கு டிகிரி கூட்டி வைக்கின்றன, அவ்வளவே. அறை 20 டிகிரியாக இருந்தால் நீர் 24க்கு வரும்; அறை 30க்குப் போனால் நீர் 34ஐ நெருங்கும். பருவம் மாறும் மாதங்களில் இத்தகைய ஹீட்டர் மீனுக்குப் பகையாகிவிடும். செலவுக்கு இடமிருந்தால், தனி உணரியோடு ஹீட்டருக்கும் மின்இணைப்புக்கும் நடுவே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றையும் வாங்கி, அதை ஹீட்டரின் அளவை விட 1 டிகிரி மேலே வைத்துவிடுங்கள். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் கைவிட்டாலும் இது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். நீர் அசையும் இடத்துக்கு அருகில், ஃபில்டரின் பக்கமாக ஹீட்டரை வையுங்கள். அசைவில்லாத நீரில் ஹீட்டரைச் சுற்றிலும் மட்டும் சூடாகி, மறுமூலை குளிர்ந்தே இருக்கும். அதே வேளையில், நீண்ட துடுப்புள்ள ஆண் மீன் வேகமான ஓட்டத்தில் நீந்தித் தளர்ந்துவிடும் என்பதால், ஏர் பம்ப்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் மெல்லிய குமிழோட்டமே இதற்குச் சரியானது. இந்த மீனுக்கு இலையிலோ ஹீட்டர் மீதோ சாய்ந்து ஓய்வெடுக்கும் பழக்கம் உண்டு. எனவே ஹீட்டரைச் சுற்றித் துளையுள்ள பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பொருத்துவது நல்லது. ஒயரைப் பொறுத்தவரை, அது சாக்கெட்டை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேறிச் செல்லும்படி விடுங்கள். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி வீட்டு இணைப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹீட்டரில் 26 என்று வைத்திருக்கிறேன், தெர்மோமீட்டர் 28 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: தெர்மோமீட்டரை. ஹீட்டரின் திருகில் உள்ள எண் ஓரிரு டிகிரி பிசகுவது வழக்கம். தெர்மோமீட்டர் சரிதானா என்ற ஐயம் இருந்தால் வேறொரு தெர்மோமீட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, நீர் 26 காட்டும் வரை திருகைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு சில மணி நேரம் பொறுத்திருங்கள். கண்ணாடியின் வெளியே ஒட்டும் பட்டைகள் நீரின் வெப்பத்தோடு அறைக் காற்றின் வெப்பத்தையும் கலந்து காட்டுவதால், சிறு தொட்டிக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஹீட்டர் வாங்காமல் மேசை விளக்கின் வெளிச்சத்திலோ சன்னல் வெயிலிலோ தொட்டியை வைத்துச் சூடாக்கலாமா? தொட்டியின் அடியில் சூடாகும் விரிப்பு வைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: மூன்றும் வேண்டாம். விளக்கு நீரைச் சூடாக்கும் என்பது உண்மையே. ஆனால் மீனுக்கு இருளும் தேவை என்பதால் இரவில் விளக்கை அணைத்தாக வேண்டும், குளிர் கூடுவதும் அந்த இரவில்தான். ஆகவே வேண்டாத நேரத்தில் சூடு தந்து, வேண்டிய நேரத்தில் கைவிடும் ஏற்பாடு அது. சன்னல் வெயிலின் குறை இன்னும் பெரிது. நேர் வெயில் படும் சிறு தொட்டி மதியத்தில் 30 டிகிரியைத் தாண்டும். இரவில் அதே சன்னல் கண்ணாடிதான் வீட்டிலேயே குளிர்ந்த இடமாக இருக்கும். பாசியும் படரும். அடி விரிப்பு கண்ணாடியின் அடித்தளத்தைச் சீரற்றுச் சூடாக்கக்கூடும். மேலே நீரின் எடை முழுவதையும் தாங்கும் கண்ணாடிக்கு அது தேவையற்ற சோதனை.

ஊர்வனவற்றுக்கான வெப்ப விளக்கைப் பயன்படுத்தலாமா என்றும் வேறொருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தொட்டியை மூடிவிட்டால் மீனுக்குக் காற்று கிடைக்காதே? ஃபைட்டர் மீன் மேலே வந்து சுவாசிக்கும் என்பதால் மூடாமலே வைத்திருக்கிறேன்.

பதில்: மேலே வந்து சுவாசிப்பதால்தான் மூட வேண்டும். நீர்ப்பரப்புக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்தால், 26 டிகிரி நீரிலிருந்து எழும் மீன் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்றையே விழுங்குகிறது. மூடியின் கீழே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளியில் நிற்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். குஞ்சு பொரித்தவர்களுக்கு இது நன்கு தெரியும்; லேபிரிந்த் உறுப்பு உருவாகும் வாரங்களில் மூடியைத் திறந்து போட்டால் குஞ்சுகள் மடிந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

வெப்ப இழப்பைப் பார்த்தாலும் மூடிக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. நீர் ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். திறந்த தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டர் ஆவியானால், அது இரவு பகலாக ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தை வெளியேற்றுவதற்குச் சமம். 25 வாட் ஹீட்டருக்கு அதில் எட்டில் ஒரு பங்கு வீணாகப் போகிறது என்று பொருள். மூடி போட்டால் இந்த இழப்பு பெருமளவு நின்றுவிடும்.

காற்றுப் போக்குவரத்துக்கு மூலையில் ஒரு சிறு திறப்பும் ஒயர் நுழையும் இடைவெளியும் போதும். திறப்பை மீனின் தலை நுழையாத அளவுக்குச் சிறிதாக வையுங்கள். ஃபைட்டர் மீன் துள்ளும், மிகச் சிறிய இடைவெளி வழியாகவும் வெளியே விழும். நீர் மட்டத்தை விளிம்பு வரை நிரப்பாமல் சற்றுத் தாழ்த்தி வைப்பதும் இதற்காகத்தான்.

கேள்வி: வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மீன் சுருண்டுவிடுகிறது. ஹீட்டர் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: நீங்கள் ஊற்றும் நீரின் வெப்பநிலையை எழுதவில்லை, பெரும்பாலும் குழாய் நீரை அப்படியே ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்து லிட்டர் தொட்டியில் 26 டிகிரி நீரில் பாதியை எடுத்துவிட்டு 18 டிகிரி நீரை ஊற்றினால், தொட்டி ஒரே நிமிடத்தில் 22 டிகிரிக்கு இறங்கும். ஹீட்டர் அந்த நான்கு டிகிரியை மீட்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

ஒரு வாளியில் குழாய் நீரைப் பிடித்து, குளோரின் நீக்கியை இட்டு, பாத்திரத்தில் தனியே காய்ச்சிய நீரை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தெர்மோமீட்டரால் அளந்து, தொட்டிக்கும் வாளிக்கும் 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லாதபடி செய்துகொண்டு ஊற்றுங்கள். கை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த கைக்கு 22 டிகிரி நீரும் வெதுவெதுப்பாகவே தோன்றும். குளியலறைச் சுடுநீர்க் குழாயிலிருந்து பிடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. சுடுநீர் தாமிரக் குழாய்களில் தங்கி வந்தால் சிறிது தாமிரத்தையும் கரைத்துக்கொண்டு வரக்கூடும். பாதியை ஒரே நாளில் மாற்றுவதை விட, கால் பங்கு வீதம் வாரத்தில் இருமுறை மாற்றுவது சிறு தொட்டிக்கு நல்லது.

இன்னொன்று. நீரை வெளியே எடுப்பதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே ஹீட்டரின் மின்இணைப்பை எடுத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருக்கும் ஹீட்டர் நீர் மட்டத்துக்கு மேலே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். உலர்ந்து சூடேறிய ஹீட்டர் மீது நீரை ஊற்றினாலும் அதுவே நடக்கும். தொட்டிக்குள் கை விடும் முன் இணைப்பை எடுத்திருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: குளிர்கால இரவில் பல மணி நேரம் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: உடனே சூடாக்க முயல வேண்டாம், முதலில் இருக்கும் சூட்டைக் காத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நான்கு பக்கங்களையும் தெர்மாகோல் பலகையாலோ கனத்த போர்வையாலோ சுற்றுங்கள். மூடியின் மேலும் ஒரு துணியைப் போட்டு, காற்றுத் திறப்பை மட்டும் மறைக்காமல் விடுங்கள். இதைச் செய்தாலே நீர் குளிரும் வேகம் வெகுவாகக் குறையும். மின்வெட்டு வழக்கமாக நேரும் இடமானால், தொட்டியின் அடியிலும் பின்பக்கத்திலும் தெர்மாகோலை நிரந்தரமாகவே ஒட்டி வைத்துவிடலாம். ஹீட்டருக்கும் வேலை குறையும்.

அளவு 23 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், மூடி இறுகிய பிளாஸ்டிக் புட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பித் தொட்டியில் மிதக்கவிடுங்கள். 40 டிகிரி அளவுள்ள அரை லிட்டர் நீர், பத்து லிட்டர் தொட்டியை அரை டிகிரி முதல் முக்கால் டிகிரி வரை உயர்த்தும். இப்படி மெதுவாக ஏறுவதே நமக்கு வேண்டியது. கொதிநீரை நிரப்பினால் புட்டியை ஒட்டிச் செல்லும் மீனின் துடுப்பு வெந்துவிடும். புட்டி மிதப்பதற்கு இடம் விடச் சிறிது நீரை முன்கூட்டியே எடுத்துவிட மறக்காதீர்கள். அந்த வேளையில் உணவு போட வேண்டாம். குளிரில் செரிக்காத உணவு மீனின் வயிற்றிலும் கேடு செய்யும், தின்னாமல் மிஞ்சினால் நீரிலும் கேடு செய்யும். மின்சாரம் திரும்பியதும் ஹீட்டர் தானே நீரை மேலேற்றட்டும். சுடுநீர் ஊற்றி அதை முந்த முயலாதீர்கள்.

கேள்வி: வெப்பம் நல்லது என்றால் எப்போதும் 30, 31 டிகிரியில் வைத்துவிடலாமே? வெள்ளைப்புள்ளி நோய்க்கும் அதுதானே மருந்து?

பதில்: வெப்பம் கூடக் கூட மீனின் உடல் வேகமாக இயங்கும், பசி கூடும், கழிவு கூடும், முதுமையும் விரைந்து வரும். நீரிலோ ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கும். ஃபைட்டர் மீன் மேலே வந்து சுவாசித்துச் சமாளித்துக்கொள்ளும். ஃபில்டரில் வாழ்ந்து அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த வசதி இல்லை. அமோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பத்தோடு ஏறுகிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் pH அளவு எட்டாக உள்ள நீரில், மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு 20 டிகிரியில் ஏறத்தாழ 4 விழுக்காடு, 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 விழுக்காடு. சிறு தொட்டியில் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ய முடியாது.

வெள்ளைப்புள்ளி நோயைப் பற்றி நீங்கள் கேட்டதில் பாதி சரி. உப்பு தூவியது போல் உடலில் தெரியும் அந்த ஒட்டுண்ணி, மீனின் தோலுக்குள் இருக்கும் வரை மருந்துக்கு எட்டாது. நீரில் விடுபட்டு நீந்தும் கட்டத்தில்தான் அழியும். வெப்பத்தைக் கூட்டினால் அதன் வாழ்க்கைச் சுழற்சி விரைந்து, அந்தக் கட்டம் சீக்கிரம் வரும். அதற்காகச் சில நாள்களுக்கு, நாளொன்றுக்கு ஓரிரு டிகிரி வீதம் ஏற்றி 29, 30 வரை கொண்டுபோவது உண்டு. மருந்தையும் கூடவே தருவார்கள், நோய் நீங்கியதும் அதே நிதானத்தோடு இறக்கிவிடுவார்கள். ஆனால் வாயைச் சுற்றியோ முதுகிலோ பஞ்சு போல் வெள்ளை படர்ந்தால் அது வேறு. பூஞ்சை என்று பலர் நினைக்கும் அந்தப் படலம் பெரும்பாலும் கொலம்நாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கும். அது வெப்பத்தில் இன்னும் மூர்க்கமாகப் பரவும். அந்த நிலையில் வெப்பத்தைக் கூட்டுவது மீனைக் கொல்வதற்குச் சமம். எந்த வெள்ளை என்று தெளிவாகத் தெரியும் வரை ஹீட்டரின் திருகில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: நான்கு நாள் வெளியூர் போகிறோம். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போவதா, விட்டுவிட்டுப் போவதா?

பதில்: விட்டுவிட்டுப் போங்கள். மின்கசிவுத் துண்டிப்பானும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் கவலையே இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கால் பங்கு நீரை மாற்றிவிடுங்கள். அன்றைக்கே மாற்றினால் ஏதேனும் பிசகிய நேரத்தில் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. ஹீட்டர் முழுவதும் மூழ்கியிருக்கும்படியும், நான்கு நாள் ஆவியானாலும் மட்டம் அதற்குக் கீழே போகாதபடியும் நீரை வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த, நலமாக உள்ள மீன் நான்கு நாள் உணவில்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுப்பதானால், நாளுக்கு ஒருமுறை வந்து தெர்மோமீட்டரைப் பார்க்கவும், 29க்கு மேல் இருந்தால் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு உங்களை அழைக்கவும் மட்டும் சொல்லுங்கள். உணவு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்.